சொல்லக்கூடாத வேளை

ஜனவரி 8

இங்கார் தூங்கிவிட்டாள். இதை எழுதிவிட்டு எழுந்துபோய் அவள் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு வருகிறது. வராமல் என்ன?

அடுப்பைச் சுற்றி ஈரத்துணி. வீடு முழுக்கப் பால் வாடை, நிலக்கரி வாடை. என் கணவன் குவானிஷ் சுரங்க வேலைக்குப் போனால் மாதக்கணக்கில் ஆள் கிடையாது. மாமனார் சாப்பிட்டதும் தன் அறைக்குப் போய் வானொலியைச் சன்னமாக வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் விழித்திருப்பது நானும் என் காதும்தான்.

இன்று சபீத் அகாய் போனில் கூப்பிட்டார். தேசியப் பூங்கா அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்தவர். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா, ஆடுகள் குளிரைத் தாங்குகின்றனவா என்று ஒரு சுற்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“பிப்ரவரி தொடக்கத்துல அல்மாத்திலேருந்து படம் எடுக்கிறவங்க வர்றாங்க. சிவப்பு மலை மேல நடை. நீ கூட்டிட்டுப் போறியா? இல்லேன்னா பட்டணத்துப் பையன் ஒருத்தன் என் உயிரை எடுத்துட்டிருக்கான். அவனை வரச் சொன்னா அவன்தான் நிலைச்சிருவான், கம்ஷாத். அப்புறம் நீ வந்து என்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? குழந்தைக்கு முன்னால் குளிர்காலம் முழுக்க அந்த மலைமேல்தான் கிடந்தேன். இருட்டில் ஏறி, முதல் வெளிச்சம் விழுவதற்கு முன் எல்லாரையும் அவரவர் இடத்தில் நிறுத்தி, வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லி. அது என் இடம். இப்போது பக்கத்து அறைக்குப் போவதற்கே எனக்குத் தைரியம் வேண்டியிருக்கிறது.

ஜனவரி 10

பல்தான். கீழே, இடது பக்கம். காய்ச்சல் இல்லை. இருந்தாலும் வெப்பமானி தலைமாட்டிலேயே கிடக்கிறது.

ஜனவரி 13

இலையுதிர் காலத்தில் இங்காருக்கு வந்த வலிப்பு இன்றைக்கும் என் மடியிலேயே இருக்கிறது. காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்து – மருத்துவர் சொன்னார்: “நெறையக் குழந்தைங்களுக்கு வரும்மா. பெரிசானா தானா நின்னுடும். பயப்படாதீங்க.” பயப்படாதீங்க என்று சொல்கிறவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குகிறார்கள்.

ரௌஷான் அக்கா மாலையில் வந்தாள். ஓரகத்தி. குவானிஷின் அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. ஐந்து பெற்றவள்.

“போயிட்டு வாயேன்டி. உன் பொண்ண நான் பாத்துக்கறேன். அஞ்சோட ஆறு. எதாவது ஒண்ணு காணோம்னாத்தான் எண்ணியே பாப்பேன்.”

“அக்கா!”

“சரி, எண்ணவே மாட்டேன், போ.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாமனார் அறைப் பக்கம் கண்ணைக் காட்டிச் சிரித்தாள். “உனக்குன்னு பாத்து ஒரு வேலை அமைஞ்சுது பாரு. வேலையோட பேரைச் சொன்னாலே குத்தம்.”

அது உண்மை. மாமனார் பெயரை மருமகள் – எங்கள் மொழியில் கெலின் – வாயில் எடுக்கக் கூடாது. அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் எடுக்கக் கூடாது. ஒருவர் பெயர் கத்தி என்று இருந்தால் கத்தியை ‘வெட்டுறது’ என்றுதான் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் மாமனார் பெயருக்குப் பொருள் ‘விடியும்’ என்பது. இதோ, பொருளை எழுதியதற்கே உடம்பு கூசுகிறது. பூங்காவின் பலகையில் கொட்டை எழுத்தில் ‘விடியல் நடை’ என்று இருக்கிறது. அதைக் கூட்டிப் போகிறவள் அதைச் சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த அன்றே ரௌஷான் அக்கா சொல்லிக் கொடுத்தாள்: “நாம ‘வெள்ளை’ன்னுதான் சொல்லணும். ‘வெள்ளைல எழுந்து பால் கறந்தேன்.’ புரிஞ்சுதா?” புரிந்தது. பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவள்தான் நான். முதல் வாரம் உள்ளுக்குள் சிரித்தேன். இப்போது தனியாக இருக்கும்போதும் நாக்கு அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிடுகிறது.

அக்கா போனபின் பார்த்தால் இங்கார் வாயில் என்னவோ வழவழவென்று. ஆட்டு வால் கொழுப்பு! பல் முளைக்கிற குழந்தை சப்பட்டும் என்று ஒரு துண்டைக் குச்சியில் குத்திக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தொண்டையில் சிக்கினால்? விரலை விட்டு வெளியே எடுத்தேன். குழந்தை ஊரைக் கூட்டினாள்.

ஜனவரி 17

தேநீர் ஊற்றும்போது மாமனாரிடம் சொன்னேன். பூங்காவுக்கு வருகிறவர்களை அந்தப் பழைய வேனில் ஏற்றிப் போகிறவர் அவர்தான். மலையடிவாரம் வரை போகும் வண்டி ஊரில் வேறு கிடையாது. அவர் ஓட்டினால்தான் நடை.

“அதா, சபீத் அகாய் கூப்பிட்டாரு. பிப்ரவரில ஒரு குழுவாம்.”

“ம்.”

“நான் போகலாமான்னு...”

கிண்ணத்தை நீட்டினார். ஊற்றினேன். பாதி குடித்தார்.

“குழந்தை?”

“ரௌஷான் அக்கா.”

“ம்,” என்றார். பிறகு, “டயர் மாத்தணும்.”

சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இந்த வீட்டில் இதுதான் சம்மதம்.

ஜனவரி 18

சபீத் அகாயிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 21

ஒத்திகை. இங்காரை ரௌஷான் அக்காவிடம் விட்டுவிட்டு ஊர்க் கடைசிவரை நடந்து திரும்புவது என்று திட்டம். பள்ளிக்கூடம் தாண்டவில்லை, ஓடி வந்துவிட்டேன். உள்ளே இங்கார் ஒரு பானை மூடியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும்தான் அழ ஆரம்பித்தாள்.

“பாத்தியா, நீ வந்ததுதான் தப்பு,” என்றாள் அக்கா.

எனக்கு மூச்சு இரைத்தது. மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு அசதி. நடந்த அசதி இல்லை இது.

ஜனவரி 26

குவானிஷ் பேசினான். பின்னணியில் இயந்திரச் சத்தம்.

“பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடு. யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான். வேண்டாம் என்றால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நல்ல தாய் என்றுகூடச் சொல்வார்கள். அடுத்த குளிர்காலம் அந்தப் பையன் எல்லாரையும் என் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவான். நான் சன்னல் வழியே வேன் போவதைப் பார்ப்பேன்.

“போறேன்,” என்றேன்.

“அப்ப போ,” என்றான். உடனே, “கையுறை ரெண்டு போட்டுக்க. மெல்லிசு உள்ள, தடிசு மேல.” அதை எனக்கு இவன் சொல்கிறான்!

ஜனவரி 30

கேமராவை வெளியே எடுத்தேன். பையில் பிஸ்கட் துகள், குழந்தைச் சாக்ஸ் ஒன்று. லென்ஸ் மூடியைக் கழற்றி இங்காரைப் பார்த்தேன். அவள் லென்ஸுக்குள் தெரிந்த தன்னையே பார்த்து எச்சில் விட்டாள்.

பிப்ரவரி 1

நாளைக்கு. வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் குளிருக்குப் பயந்து அல்மாத்தியிலேயே நின்றுவிட்டார்கள். டாக்டர் கைரொல்லா, ஓய்வுபெற்ற பல் மருத்துவர், பருமன், வாய் ஓயாதவர். விகா, என்னைவிட இளையவள், தன்னைவிட உயரமான கேமரா முக்காலி வைத்திருக்கிறாள்.

மாமனாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இருட்டில் எங்களைச் சிவப்பு அடிவாரத்தில் இறக்கிவிட வேண்டும். வேனை அங்கேயே நிறுத்தினால் இந்தக் குளிரில் மறுபடி உயிர் பெறாது. காவலர் குடிசைக்குப் போய் எஞ்சினைச் சூடாக வைத்திருந்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். காதுமூடித் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். “வெள்ளைக்கு வந்துடுங்க அதா,” என்றேன். “சரி, வெள்ளைக்கு வந்துடறேன்,” என்றார்.

பால் பிழிந்து வைத்தாயிற்று. இங்காருக்கு மாற்றுத் துணி, வெப்பமானி, மருத்துவர் எண் – அக்கா அதையெல்லாம் பார்த்துவிட்டு, “இவ பிள்ளைய விட்டுட்டுப் போறாளா, இல்ல ஆஸ்பத்திரி தொறக்கிறாளா?” என்றாள்.

பிப்ரவரி 2

எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்று எழுதுகிறேன்.

இருட்டில் இங்காரைப் போர்வையோடு அக்காவிடம் கொடுத்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அதுவே என்னவோ செய்தது. வேனில் டாக்டர் முன்னிருக்கையில் ஏறி, மாமனாரைப் பார்த்து முதல் கேள்வியே கேட்டார்:

“அதா, இங்க விடியல் எப்ப?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமனார் இருமினார். “வரும்,” என்றார். வழி முழுக்க டாக்டருக்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. விடியல் போன தடவை ஏமாற்றிவிட்டது, விடியலை நம்ப முடியாது, விடியலுக்குக் காத்திருந்தே இடுப்பு போயிற்று. இருட்டில் கிழவரின் தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா, தெரியவில்லை.

அடிவாரத்தில் இறக்கிவிட்டு வேன் போயிற்று. ஏறினோம். களிமண் இரும்பாக இறுகியிருந்தது, பள்ளங்களில் பொடிப்பனி. டாக்டருக்கு முழங்கால் வலி, நின்று நின்று வந்தார். விகா முக்காலியைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டு முன்னே போனாள். என் கால்களுக்கு வழி மறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மேலே முகட்டில் இருவரையும் நிறுத்தினேன். “மூச்சை லென்ஸ் பக்கம் விடாதீங்க. இனிமே பேச்சு வேணாம், டாக்டர்.” தூரத்தில் காட்டுக் கழுதைக் கூட்டம் ஒன்று பள்ளத்தாக்கைக் கடந்தது. முதலில் வானம் சாம்பல். பிறகு எங்களுக்குக் கீழே, மலையின் மடிப்புகளில், நிறம் ஒவ்வொரு கோடாகக் கண் விழித்தது: செங்கல், ஈரல், வெந்த பீட்ரூட். மேலிருந்து கீழே இல்லை, ஓரத்திலிருந்து உள்ளே. இதை எப்படி மறந்தேன்?

கேமராவை எடுத்தேன். சில படங்கள். அவ்வளவுதான், அணைந்துவிட்டது. மாற்று பேட்டரியும் செத்திருந்தது. குளிரில் பேட்டரியை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். உள்பையில் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் நான் வைத்திருந்தது போன். அக்கா கூப்பிட்டால் என்று. அந்த மலையில் போனுக்கு இணைப்பே கிடையாது! தெரிந்தும் வைத்திருந்தேன். விகா பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். அவள் பேட்டரியை எனக்குப் பொருத்த முடியாது, வேறு வகை.

இறங்கினோம். மார்பு பால் கட்டிக் கல்லாகியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் வலி. வேனில் ஏறிவிட்டால் போதும், வீடு, இங்கார் – அடிவாரத்தில் வேன் இல்லை.

இருட்டில் வந்த சக்கரத்தடம் மட்டும் இருந்தது. புதிய தடம் இல்லை. சரி, வந்துவிடுவார். நின்றோம். காற்று கிளம்பியது. வந்துவிடுவார். தேநீர் தீர்ந்தது. டாக்டர் பேச்சை நிறுத்தினார், அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“கால் விரல் எங்க இருக்குன்னு தெரியலம்மா.”

“ஆட்டிப் பாருங்க டாக்டர்.”

“ஆட்டறேன்னு நெனைக்கறேன். நான் பல் டாக்டர், இதுக்கு மேல என்னைக் கேக்காத.”

விகா அவரைப் பாறை மறைவில் உட்காரவைத்து, முக்காலிப் பையில் அவர் கால்களை நுழைத்துக் கட்டினாள். “அக்கா, அவருகிட்ட என்ன சொன்னீங்க, எங்க வரச் சொன்னீங்க?” என்று கேட்டாள். என்ன சொன்னேன்? வெள்ளைக்கு வந்துடுங்க என்று –

வெள்ளை.

கடவுளே. சிவப்புக்கு முதுகை ஒட்டி நிற்கும் சுண்ணாம்பு மலைக்கு வரைபடத்தில் என்ன பெயரோ இருக்கிறது, ஊரில் அதற்கு வெள்ளை என்றுதான் பெயர். ரௌஷான் அக்காவும் நானும் அடுப்படியில் பேசிக்கொள்ளும் வெள்ளை அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரியக்கூடாது என்றுதானே அந்தச் சொல்லே! வெளிச்சம் வரும்போது வாருங்கள் என்று நான் சொன்னேன். வெள்ளை மலைக்கு வாருங்கள் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பக்கம் போய், முகடு வழியாக இறங்கி வருவோம் என்று காத்திருக்கிறார்.

விகாவை டாக்டரோடு விட்டுவிட்டு இரண்டு மலைக்கும் நடுவே உள்ள கழுத்துக்கு ஏறினேன். ஏறினேனா, ஊர்ந்தேனா. மேலே போய்ப் பார்த்தால், இருந்தது. தீப்பெட்டி அளவு. வேன், புகை, பக்கத்தில் அவர். நான் நின்ற இடத்திலிருந்து கீழே செங்குத்து, இறங்க வழியில்லை. சுற்றிப் போனால் அரை நாள். அவர் கிண்ணத்தில் மிச்சமிருந்த தேநீரைத் தரையில் வீசினார். கதவைத் திறந்தார். கிளம்பப்போகிறார்! நாங்கள் வரவில்லை என்று ஊருக்குத் திரும்பி ஆள் கூட்டிவரப் போகிறார். அதற்குள் டாக்டர் கால் –

“அதா!” என்று கத்தினேன். “அதா!” எந்தக் கிழவரையும் யாரும் கூப்பிடுகிற சொல். காற்று அதைத் தின்றது. “அதா!” தொப்பி, காதுமூடி, எஞ்சின். திரும்பவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தார்.

கத்த வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். வாய் திறந்தது, நாக்கு எழவில்லை. சத்தியமா எழல. என்ன பொம்பள நான், ஒரு ஆளோட கால் போகுது, பிள்ளை பசியோட கெடக்கு, இங்க நின்னுக்கிட்டு மரியாதை பாத்துக்கிட்டு –

“தாங்-அதார்!”

முதல் சத்தம் மணியில் அடித்த மாதிரி சுண்ணாம்புச் சுவரில் போய் மோதித் திரும்பியது. தாங். தாங். தாங். மறுபடி கத்தினேன். இப்போது நிறுத்த முடியவில்லை. “தாங்-அதார்! தாங்-அதார்!”

அவர் காலை வெளியே எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு மேலே, வானத்தைப் பார்த்தார். வெறுந்தலையோடு அப்படியே நின்றார். பிறகுதான் மலைக்கழுத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்த என்னைக் கண்டார்.

வேன் சுற்றி வந்து எங்களை ஏற்றியபோது அவர் யாரிடமும் பேசவில்லை. சூட்டுக் காற்றுக் குழாயை டாக்டர் கால் பக்கம் திருப்பினார். விரல்களுக்கு நிறம் வந்தது, வலியும் வந்தது, டாக்டர் பாதி வழியில் மறுபடி பேச ஆரம்பித்தார். நான் பின்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் மாமனார் பார்க்கிறார் என்று தெரிந்தது. திறக்கவில்லை.

இங்கார்? கன்னமெல்லாம் கொழுப்பு வழிய, அக்காவின் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தேடவே இல்லையாம். அவளை மார்போடு வைத்துக்கொண்டு அழுதேன். அக்கா சால்வையைப் போர்த்திவிட்டாள்.

பிப்ரவரி 3

மாமனார் தேநீருக்கு வரவில்லை. பசி இல்லையாம்.

பிப்ரவரி 5

இன்றும் பேச்சில்லை. கிண்ணத்தை வாங்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். நான் தாழ்த்த வேண்டிய கண்.

ரௌஷான் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. “காவலர் குடிசை வரைக்கும் கேட்டுதாமே! நான் வந்து இத்தனை வருஷம், அந்தப் பேரோட முதல் எழுத்தக்கூடச் சொன்னதில்ல. நீ மலை மேல ஏறி ஏலம் விட்டுட்டு வந்திருக்கே.” சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. “சட்டைத் துணி ஒண்ணு வாங்கி முன்னால வெச்சு மன்னிப்புக் கேட்டுடு. பழைய ஆளு. மனசுல வெச்சுக்கிட்டா எடுக்க மாட்டாரு.”

மனதில் வைத்துக்கொண்டால் ஓட்ட மாட்டார். அவர் ஓட்டவில்லையென்றால் நடை இல்லை. சபீத் அகாயிடமிருந்தும் தகவல் இல்லை. டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தாரோ. ஒரே ஒரு காலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை எனக்கு. இங்கார் தூக்கத்தில் இருமினாள், ஓடினேன். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8

துணியை அவர் முன்னால் வைத்துக் குனிந்தேன். என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

“என்ன இது?” என்றார்.

“அன்னிக்கு... மலையில... என் வாயால...”

அவர் துணியைத் தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வெகுநேரம் அதன் கரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எங்க அண்ணன்னு நெனச்சேன்,” என்றார்.

புரியாமல் பார்த்தேன்.

“செத்துட்டான் அவன், நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே. பேர் சொல்லிக் கூப்பிட அவன்தான் கடைசி ஆளு. பெத்தவங்க போயாச்சு. கூடப் படிச்சவனெல்லாம் போயாச்சு. இருக்கிறவங்களுக்கு நான் அதா, மாமா, டிரைவர். என் பொஞ்சாதிகூட ‘இந்தாங்க’ன்னே கூப்பிட்டுட்டுப் போய்ச் சேந்துட்டா.” மூக்கை உறிஞ்சினார். “மேலேருந்து கூப்பிடுது. சரி, நேரம் வந்துடுச்சு, கூப்பிடறான், போவோம்னு தொப்பியக் கழட்டினேன். பாத்தா நீ.”

நான் அழுதுவிட்டேன்.

“அழாத கெலின். குத்தம் என்னோடதுதான். விருந்தாளிங்களக் குளிர்ல நிக்க வெச்சேன். ஆறு நாளா எனக்கு முகத்தக் காட்டவே வெக்கமா இருக்கு. நீ வெள்ளைன்னு சொன்னே, நான் வெள்ளைக்குப் போனேன். வேற என்ன வெள்ளை அது?”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: அந்த வேளையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சொல்லுகிறோம் என்று. அவர் வாயைத் திறந்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டிலிருந்து அக்கா சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் படிச்சவங்க! சூரியன் வரும்போதுன்னு சொல்லக் கூடாதா? நம்ம வம்சத்துல எவனுக்கும் சூரியன்னு பேர் இல்லையே!”

எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடமாக.

துணியை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “அடுத்தது எப்போ?”

“தெரியல அதா. கூப்பிடுவாங்களான்னே தெரியல.”

“கூப்பிட்டா, எடம் வேற, நேரம் வேற, ரெண்டையும் தனித்தனியாச் சொல்லு.” எழுந்தவர் வாசலில் நின்றார். “அவசரம்னா மத்ததையும் சொல்லு. அதுக்குத்தானே பேரு வெச்சாங்க.”

பிப்ரவரி 12

சபீத் அகாய். “பல் டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? விரல் பத்தும் இருக்காம், எண்ணிப் பாத்துட்டாராம். புகார் இல்ல. ‘அந்தப் பொண்ணு தொண்டையக் கேக்கவே மறுபடி வரணும்’கறாரு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஆனா வண்டி ஏன் எடம் மாறிப் போச்சு கம்ஷாத்? நான் மேல பதில் சொல்லணும்.”

“நான் சரியாச் சொல்லல, அகாய். தப்பு என்னுது.”

கொஞ்ச நேரம் காகிதம் புரட்டும் சத்தம். “இருபத்தி மூணாம் தேதி நாலு பேர். நீதான் கூட்டிட்டுப் போறே. அதையும் சொதப்பினா பையன் வருவான், நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

பிப்ரவரி 13

சளி. இங்காருக்கு இல்லை, எனக்கு.

பிப்ரவரி 19

குவானிஷ் வந்துவிட்டான். எனக்கு ஒரு படமாவது எடுக்க முடிந்ததா என்று கேட்டான். அன்றைக்கு எடுத்த சிலவற்றைக் காட்டினேன். எல்லாம் கொஞ்சம் ஆடியிருந்தது. “நல்லாருக்கு,” என்றான். நல்லா இல்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பிப்ரவரி 22

நாளைக்குச் சிவப்பு. மாமனார் மூன்று தடவை கேட்டார்: “எடம்?” சிவப்பு அடிவாரம், இறக்கிவிட்ட அதே இடம். “நேரம்?” சூரியன் தலை காட்டியதும். நாலாவது தடவை நானே போய்ச் சொன்னேன். இங்கார் அவள் அப்பாவோடு இருப்பாள். பயம் போகவில்லை. ஆனால் அது பாட்டுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது, கேமராப் பையைக் கட்ட விடுகிறது.

பிப்ரவரி 23

போய்விட்டு வந்தேன். நாலு பேர், நாலு பேரும் திரும்பினார்கள். மேகம், நிறமே இல்லை, ஒருத்தர் முணுமுணுத்தார். கடைசியில் ஒரு கீற்று வந்தது, அதில் ஒரு படம் கிடைத்தது. அடுத்த குளிர்காலத்துக்கும் என் பெயரை எழுதிக்கொண்டதாகச் சபீத் அகாய் சொன்னார். சரி என்றேன். அதற்கு மேல் நிற்கத் தெம்பு இல்லை. இங்காருக்குப் பால் கொடுத்தேன். மற்றதை நாளை எழுத வேண்டும்.

பிப்ரவரி 24

கண் விழித்தபோது வெயில் பாதிச் சுவர் ஏறியிருந்தது. படுக்கையில் இங்கார் இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போனேன். குவானிஷ் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் சட்டையிலும் கஞ்சி.

“ராத்திரி என்ன கத்து கத்தினா தெரியுமா? அதாவே எழுந்து வந்துட்டாரு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு நடந்தோம்.”

“என்னை ஏன் எழுப்பல?”

“எழுப்பினேனே. ‘காத்துதான், படு’ன்னு சொல்லிட்டு நீ திரும்பிப் படுத்துட்ட.”

எனக்கு நினைவே இல்லை.